தள்ளினால் சாத்திக்கொள்ளும் கதவு

தோள் தையலின் நுனியை இடது கை இழுத்துப் பிடிக்கிறது, வலது கையில் இருக்கிற டிரிம்மர் பிசிறை நறுக்குகிறது, டிக், கை ஓரத்தில் ஒன்று, டிக், கீழ் மடிப்பில் இரண்டு, டிக் டிக், திருப்பிப் போட்டு ஒரு உதறு உதறி வலது பக்கம் தள்ளினால் ஒரு பீஸ் முடிந்தது, அடுத்தது, எல்லாம் சின்னப் பிள்ளைகள் போடுகிற பனியன் சட்டை, நெஞ்சில் ஒட்டகச்சிவிங்கி, அதற்குக் கீழே இங்கிலீஷில் என்னமோ எழுதியிருக்கிறது, ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது, எந்த ஊரில் எந்தப் பிள்ளை போடப்போகிறதோ, போட்டுக்கொண்டு நல்லா இருக்கட்டும், நான் நிமிரக் கூடாது. நிமிர்ந்து மூலைப் பக்கம் பார்க்கக் கூடாது. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா அதைத்தான் மூன்று தடவை சொன்னார்கள், "கதவை ஒரு சாண் திறந்து வச்சுட்டு நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு, அது மூஞ்சியை உத்துப் பாக்காத, நீ பதறுனா அதுக்கும் பதறும்." பதறாமல் எப்படி இருப்பது என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டுப் பழக்கம் இல்லை. ஸ்டோர் அறையின் வலைக்கதவை ஒரு சாண் திறந்துதான் வைத்திருக்கிறேன். உள்ளே புதுப் பூனை சாயம்மா இருக்கிறாள், வெளியே இந்த ஒற்றை அறையில் வாசல்கதவு ஓரமாகச் செவலை நாய் படுத்திருக்கிறது, பீரோ மேலே பழைய பூனை பூசணி, அடுப்படியில் கூடைக்குள் கோழி, நடுவில் தூளியில் சின்னவன், தூளிக்கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டு நான். இத்தனை உயிரும் இன்றைக்கு ஒரே காற்றை மூச்சு விடவேண்டும். இன்றைக்கு அமாவாசை. அவர் மூத்தவள் தன்ஷியைக் கூட்டிக்கொண்டு கடைசி ஊசி போடப் போயிருக்கிறார், அவருடைய அக்காவான மதினி வீட்டுக் குட்டியானை லோடு வண்டியில் போயிருக்கிறார்கள், மதினியும் கூடப் போயிருக்கிறார்கள், நாலரை மணிக்குள் வந்துவிடுவார்கள், வண்டியில் ஒரு சாக்கு மடித்துக் கிடக்கிறது, காலையில் நானே பார்த்தேன். வந்து பார்க்கும்போது எதுவும் எதையும் கடிக்காமல் இருந்தால் சாயம்மா இங்கே இருக்கலாம், இல்லையென்றால் மதினி வீட்டுக்காரர் வாட்ச்மேன் வேலை பார்க்கிற மில் குடோனுக்குச் சாக்கில் போகும், அங்கே நாலு நாய். டிக். மதினியின் வாக்கு அது, அவர் தலையாட்டிய வாக்கு. மணி மூன்றரை தாண்டியிருக்கும், வெயில் ஜன்னல் கம்பியை இரண்டாவது தரைக்கல் வரைக்கும் நீட்டிவிட்டது.

உள்ளே சத்தமே இல்லை. சத்தம் இல்லாததுதான் எனக்குப் பயம், உறுமினால் எங்கே இருக்கிறாள் என்றாவது தெரியும். முதல் நாள் அப்படித்தான், சத்தம் இருந்ததால்தான் கண்டேன், சாயப்பட்டறைப் பக்கத்துச் சாக்கடையில் குழாய்க்குள்ளே இருந்து ஒரு கத்தல், பிள்ளை அழுகிறது என்று நினைத்து இடுப்பில் சின்னவனை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தால் நீலமாக ஒரு சாமான், இரண்டு மஞ்சள் கண்ணு, பூனை என்றே முதலில் புத்திக்கு எட்டவில்லை, நீலத்தில் எங்கே பூனை இருக்கிறது. நான் தெருவில் சத்தம் போட்டுப் பேசினதே கிடையாது, தண்ணிக் குழாயில் என் குடத்தை யாராவது நகர்த்தினால்கூட அடுத்த முறைக்குக் காத்திருப்பேன், அன்றைக்கு என் வாயில் இருந்து வந்த குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை, "அய்யோ யாராச்சும் ஒரு கம்பு குடுங்களேன், செத்துரும்போல இருக்கே." பக்கத்துக் காம்பவுண்டு சரோசாக்கா கம்பு கொண்டுவந்தார்கள், சின்னவனையும் வாங்கிக்கொண்டார்கள், அவர்கள் நல்லா இருக்கணும், இன்றைக்கும் மீன்தலை வாங்கினால் இவளுக்கென்று இரண்டு எடுத்து வைக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஐந்து தடவை குளிப்பாட்டியும் நீலம் போகவில்லை, கட்டைவிரலில் ஆழமாக ஒரு கடி மட்டும் கிடைத்தது, எனக்கும் அப்போது ஊசி, அவர் வேலை விட்டு வந்து பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார், "ஏ ஒச்சு, என்னத்தடி பிடிச்சு வச்சிருக்க, இது பூனையா, இல்ல எங்க கம்பெனி லாட்டுல தப்பிச்ச துணியா?" அவர்தான் சாயம்மா என்று பெயர் வைத்தார். இப்போது நீலம் காது மடலிலும் வால் நுனியிலும் மட்டும்தான் மிச்சம், உள்ளே ஒரு சாம்பல் பூனை இருந்திருக்கிறது, இரண்டு மாசத்தில் அது மெல்ல மெல்ல வெளியே வந்தது, கோபம் மட்டும் வெளுக்கவே இல்லை. செவலை வாலை ஆட்டிக்கொண்டு கிட்டே போனது, மூக்கைக் கிழித்துவிட்டாள். பூசணி எந்தச் சண்டைக்கும் போகாத சோம்பேறி, கிண்ணத்தில் தலையை விட்டதற்குக் காது நுனி போய்விட்டது, அன்றையிலிருந்து பீரோ மேலேதான் குடித்தனம், சாப்பாடும் மேலேதான், கிண்ணத்தை நான் ஸ்டூல் போட்டு ஏறி வைக்கிறேன், "மாமியாருக்குக்கூட இப்பிடி மேல ஏறிச் சோறு வச்சிருக்க மாட்ட" என்று அவர் சிரிப்பார். கோழியை இரண்டு முறை துரத்தினாள். கோழிக்குப் பெயர் கிடையாது, பெயர் வைத்தால் திருவிழாவுக்கு அறுக்க முடியாது என்று வைக்கவில்லை, வைக்காமலேயே அறுக்க முடியவில்லை, இரண்டு திருவிழா தாண்டிவிட்டது. இப்படி ஒரு வீட்டுக்குள் அவள் வந்தாள். எல்லாருக்கும் ஏற்கெனவே ஒரு இடம் இருக்கிற வீடு. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா போனதும் சித்தி வீட்டுக்குப் போனேனே, அங்கே பாய் விரித்தால் ஒவ்வொருத்தருக்கும் ஒரு மூலை இருந்தது, எனக்கு எந்த மூலை என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, நின்றுகொண்டே இருந்தேன், விளக்கை அணைத்த பிறகுதான் நடையில் உட்கார்ந்தேன். நான் வாயை மூடிக்கொண்டேன், இவள் வாயைத் திறந்து கடிக்கிறாள், இரண்டும் ஒரே பயம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் மதினியிடம் இதை எப்படிச் சொல்வது, மதினி முன்னால் எனக்கு "ம்" தவிர வேற எழுத்தே வராது. டிக். இந்தப் பீஸில் கழுத்துத் தையல் ஓடிப்போயிருக்கிறது, தனியாக எடுத்து வைக்கணும்.

ஏதோ அசைந்தது, இல்லை, தூளிக்கயிறு. துணி வாசனை அவளுக்குப் போயிருக்கும், செவலையின் துணிமேல்தான் உள்ளே படுத்திருக்கிறாள், செவலை இங்கே அவளுடைய துணிமேல் படுத்திருக்கிறது, இன்றைக்கு இந்தக் கதவைத் திறக்கிற தைரியம் அந்தத் துணியால் வந்ததுதான், அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, முகத்தைப் பொத்திக்கொள்ளவும் தோன்றுகிறது. டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்கள், "பூனை படுக்குற துணியை நாய்க்கு விரி, நாய் படுக்குற துணியைப் பூனைக்கு விரி, தினமும் மாத்து, ஒண்ணுக்கொண்ணு பழகிக்கும்." அன்றைக்கு மேசை மேலே வயிறு ஊதின ஆடு ஒன்று, ஆட்டுக்காரர் அழுதுகொண்டு நிற்கிறார், அந்தக் கூட்டத்தில் ஏன் எதற்கு என்று நான் எங்கே கேட்பது, சரிங்க மேடம் என்று வந்துவிட்டேன். துணிக்கா இந்த ஊரில் பஞ்சம், மூட்டையில் வருகிற வேஸ்ட் பனியன் துணி, வெள்ளை இவளுக்கு, பச்சை செவலைக்கு, சொன்னபடியே தினமும் மாற்றினேன். ஆனால் துவைத்து மாற்றினேன். காலையில் எழுந்ததும் இரண்டு துணியையும் சோப்புப் போட்டுக் கசக்கி, மருந்துத் தண்ணியில் அலசி, மொட்டைமாடியில் காயப்போட்டு, நாலாக மடித்து, பிறகு இதை அதற்கும் அதை இதற்கும் விரிப்பேன், இரண்டு வாரம், ஒரு நாள் தவறாமல். ஒருத்தர் படுத்த துணியைத் துவைக்காமல் இன்னொருத்தருக்குக் கொடுக்கலாமா. சித்தி வீட்டில் முதல் நாள் எனக்குக் கிடைத்த போர்வையில் யாரோ ஒருத்தரின் எண்ணெய்த்தலை வாடை, நான் அதை மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருந்தேன், எனக்கென்று ஒரு வீடு வந்தால் யாருக்கும் அழுக்குத்துணி கொடுக்க மாட்டேன் என்று அன்றைக்கு நினைத்தேன், அதை ஒரு நாய்க்கும் பூனைக்கும் போய்க் காப்பாற்றியிருக்கிறேன். இரண்டு வாரமும் சாயம்மா வலைக்கதவுக்கு உள்ளே இருந்து செவலையைப் பார்த்து அதே சீறல், நான் நினைத்தேன் டாக்டரம்மா சொன்னது பலிக்கவில்லை என்று, அவர்களைக்கூட மனசுக்குள் கொஞ்சம் குறை சொன்னேன், தப்பு. அதற்கப்புறம்தான் அது நடந்தது, அதற்கப்புறம் மூணு நாள் தூறல், வெயிலே இல்லை, துவைத்த துணி கொடியில் ஈரமாகவே தொங்குகிறது, மூன்றாம் நாள் வேற வழியில்லாமல் செவலையின் அழுக்குத்துணியை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் விரித்தேன், "இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்க தாயி" என்று வாய்விட்டே சொன்னேன். அவள் சீறினாள். மோந்தாள். ஒரு மூலையைக் கவ்வி உதறினாள். மறுபடி மோந்தாள், ஒரு மணிநேரம் மோந்துகொண்டே இருந்தாள், பிறகு முன்னங்கால் இரண்டாலும் மாற்றி மாற்றி மிதித்து, சுற்றி, அதன்மேலேயே சுருண்டு தூங்கிவிட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுபடி போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன், சொல்லும்போது தரையைத்தான் பார்த்தேன், அவர்கள் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், "அடிப் பாவி, ரெண்டு வாரமா சோப்புக்கும் பூனைக்கும்ல சிநேகம் பண்ணி வச்சிருக்க!" கம்பவுண்டர் அண்ணனும் சிரித்தார், நானும் சிரித்தேன், வெளி ஆட்கள் முன்னால் பல் தெரிய நான் சிரித்தது அதுதான் முதல். அவர்கள் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அவர்கள் பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்.

அதற்கப்புறம்தான் அது நடந்தது என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான், அந்த இடம் வந்ததும் நினைப்பு ஒரு தாண்டு தாண்டி அந்தப் பக்கம் போய் நிற்கிறது, ஓவர்லாக் மெஷினில் முடிச்சு வந்தால் தையல் ஒரு கண்ணி விட்டு ஓடுகிற மாதிரி. போன அமாவாசை கழிந்த மறுநாள். மத்தியானம். நான் துணி மாற்றக் கதவைத் திறந்தேன், சாயம்மா ஜன்னல் திண்டில் தூங்குகிறாள், தூளியில் சின்னவன் வீறிட்டான், பல் முளைக்கிற நேரம், ராத்திரி முழுக்கத் தூங்க விடாத பிள்ளை, கையில் இருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு வந்து அவனை எடுத்தேன், சுவரில் சாய்ந்து மடியில் போட்டுப் பால் கொடுத்தேன், கண்ணை மூடினேன், அவ்வளவுதான். கதவு திறந்தபடியே கிடந்தது. கொக்கி போடாதது மட்டும் இல்லை, சாத்தக்கூட இல்லை, ஆவென்று திறந்துபோட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். தன்ஷி பால்வாடி விட்டு வந்து செவலையைக் கட்டிப் பிடித்துப் படுத்திருந்திருக்கிறாள், சாயம்மா பாய்ந்தது செவலைமேல், நடுவில் இருந்தது என் பிள்ளையின் கை. நான் கண் முழித்தபோது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் மூன்று சிவப்புக் கோடு, தன்ஷி அழவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், செவலை அவள் முன்னால் நின்றுகொண்டிருந்தது, திருப்பிக் கடிக்கவே இல்லை, குரைக்கக்கூட இல்லை, பிள்ளைக்கும் பூனைக்கும் நடுவில் சுவர் மாதிரி நின்றது, அதற்கு நான் என்ன செய்து கடன் தீர்ப்பேன். சாயம்மா தானாகவே போய் உள்ளே பதுங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சோப்புத் தண்ணி விட்டுக் கழுவும்போது ஊதி ஊதிக் கழுவினார்கள், "என் தங்கம்ல, அஞ்சு எண்ணு, முடிஞ்சிரும்" என்றார்கள், தன்ஷி மூன்று வரைக்கும் எண்ணினாள். அப்புறம் மதினி வந்தார்கள். அவர் கம்பெனியிலிருந்து அப்படியே எண்ணெய்க் கையோடு வந்தார். மதினி கேட்டார்கள், ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, "கதவை யாரு தொறந்து விட்டது?" நான் வாயைத் திறந்தேன். திறந்தது உண்மை. உள்ளே வார்த்தை இருந்தது, நாக்குக்கு வந்தது, அதற்குள் அவர் சொன்னார், "யாரும் தொறக்கலக்கா, சாத்தித்தான் இருந்துச்சு, பூனை தள்ளிட்டு வந்துருச்சு." மதினி சொன்னார்கள், "கதவைத் தள்ளுற பூனை நாளைக்குத் தொட்டில்ல ஏறும்டா, பச்சப்புள்ள இருக்குற வீடு, கொண்டுபோய் மில்லுல விட்டுட்டு வா." நான் வாயை மூடினேன். அது தள்ளவில்லை மதினி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், அரை மூச்சு, அந்த அரை மூச்சை நான் இருபத்தெட்டு நாளாகப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன், என் தூக்கத்துக்கு ஒரு வாயில்லாத உயிர் சாக்குக்குள் போகப்போகிறது என்று தெரிந்தும். அவர் நம்பிவிட்டார், அதுதான் இன்னும் அறுக்கிறது, பாவம் அவர் பூனை தள்ளியது என்றே நம்புகிறார், என்மேல் ஒரு துளி சந்தேகம் இல்லை. டிக். இந்தப் பீஸில் பிசிறே இல்லை, வெறும் காற்றை வெட்டியிருக்கிறேன்.

நகம் தரையில் படுகிற சத்தம். அவள்தான். நிமிராதே. ஒட்டகச்சிவிங்கியைப் பார், அதன் கழுத்தில் எத்தனை திட்டு, ஏழு, எட்டு, செவலை தலையைத் தூக்கிவிட்டது, "படு" என்று மூச்சாலே சொல்கிறேன், படுத்துவிட்டது, தங்கம். பீரோ மேலே பூசணியின் வால் மட்டும் தொங்கி ஆடுகிறது. கதவுப் பலகையில் உடம்பு உரசுகிற சத்தம், வலையில் மீசை படுகிறது, முட்டுகிறாள், தலையால் முட்டுகிறாள், வெளியே வரப்போகிறாள், இன்னொரு முட்டு, டப். கதவு சாத்திக்கொண்டது. ஒரு சாண் இடைவெளியும் போச்சு. உள்ளே இருந்து அவள் தள்ளினாள், கதவு மூடிக்கொண்டது. நான் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். வலைக்கு அந்தப் பக்கம் அவளும் என்னைப் பார்க்கிறாள், நடந்தது என்ன என்று அவளுக்கும் விளங்கவில்லை, மறுபடி முட்டுகிறாள், கதவு நிலையில் இன்னும் இறுகுகிறது. டிரிம்மர் என் கையில் திறந்தபடி நிற்கிறது. தள்ளினால் இறுகும். அவர் இந்தக் கதவை மாட்டின ஞாயிற்றுக்கிழமை வாயில் இரண்டு ஆணியைக் கவ்விக்கொண்டே சொன்னது இப்போது காதுக்குள் கேட்கிறது, "இங்க பாரு ஒச்சு, உள்பக்கமாத் தொறக்குற மாதிரி மாட்டியிருக்கேன், அம்மணி உள்ள இருந்து எவ்வளவு முட்டுனாலும் தள்ளத் தள்ள இறுகும், வெளிய வரணும்னா இழுக்கணும், இழுக்க அதுக்கு ஏது கையி," சொல்லிவிட்டுப் பெருமையாக இரண்டு தடவை தள்ளிக் காட்டினார், நான் உள்ளே நின்று தள்ளிப் பார்த்தேன், தன்ஷி தள்ளிப் பார்த்தாள், எல்லாரும் சிரித்தோம். மெஷின் ஃபிட்டர். எந்த நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற ஆள். அவருக்கா தெரியாது? பூனை தள்ளிட்டு வந்துருச்சு என்று அந்த வராந்தாவில் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, தன்ஷி கையில் போட்ட கட்டை ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் யோசிக்கவே இல்லை. தெரிந்திருக்கிறது. வந்ததும் வராததுமாக தூங்கி வீங்கின என் கண்ணைப் பார்த்திருப்பார், அவ்வளவு பேர் முன்னால் மதினி வாயில் நான் விழக் கூடாது என்று பழியைத் தூக்கிப் பூனைமேல் வைத்துவிட்டார், பூனைக்கு வராந்தாவும் தெரியாது, அவமானமும் தெரியாது என்று. மதினி உடனே மில்லுக்கு என்றபோதும் அவர்தான் இழுத்தார், "புள்ளைக்கு ஊசி முடியட்டும்க்கா, அடுத்த அமாவாசை வரைக்கும் பாப்போம்." வீட்டுக்கு வந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏன்டி தூங்கின என்று கேட்கவில்லை, மறுநாளிலிருந்து ராத்திரி சின்னவன் அழுதால் அவர்தான் எழுந்து தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறார், நான் அதை வேற எதனாலோ என்று நினைத்தேன். சாயங்காலம் கோழிக்கடைக் கழிவு வாங்கிவந்து கதவடியில் குந்தி உட்கார்ந்து அவளுக்கு வைப்பார், ஒரு நாள் அடுப்படியிலிருந்து கேட்டேன், "கொஞ்சம் பொறுத்துக்கடி சாயம்மா, வேற வழி தெரியல," அடைத்து வைத்ததற்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அய்யோ. நான் அவருக்குத் தெரியாது என்று வாயை மூடினேன், அவர் தனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியக் கூடாது என்று வாயை மூடினார், நடுவில் இவள் கதவை முட்டிக்கொண்டு நிற்கிறாள்.

கண்ணைத் துடைத்தால் பனியனில் படும், படக் கூடாது, தோளில் துடைத்துக்கொள்கிறேன். தூளிக்கயிற்றைக் கட்டைவிரலிலிருந்து கழற்றிவிட்டு எழுந்தேன், கால் மரத்துப்போயிருக்கிறது, வலையை விரலால் தொட்டு மெல்ல உள்பக்கம் தள்ளினேன், இந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு லேசாகத் திறக்கிறது, ஒரு சாண், இல்லை, இரண்டு சாண், கீழே என் செருப்பை அணை கொடுத்தேன், அவள் சீறவில்லை, திரும்பி வந்து உட்கார்ந்தேன், ஒட்டகச்சிவிங்கியை எடுத்தேன், டிக். வருகிறாள். பார்க்கவில்லை, ஆனால் கண்ணின் ஓரத்துக்கு யார் பூட்டு போடுவது, சாம்பல் உடம்பு, நீலக் காது, ஒரு அடி வைத்து நிற்கிறாள், இன்னொரு அடி, பிசிறு நூல் குவியலை மோந்து தும்முகிறாள், பூசணி மேலே எழுந்து நின்று முதுகை வளைத்துவிட்டு நமக்கென்ன என்று மறுபடி உட்கார்ந்துவிட்டது, அந்தச் சோம்பேறித்தனத்துக்கும் ஒரு கும்பிடு. செவலை அசையவில்லை, மூச்சு மட்டும் விலாவில் ஏறி இறங்குகிறது, அந்தத் தழும்பு மூக்கைத் துணிக்குள் புதைத்துக்கொண்டு கண்ணை மட்டும் மேலே தூக்கிப் பார்க்கிறது, அடிக்காதே என்று கேட்கிறதா, வா என்று சொல்கிறதா. இரண்டு முழம் இருக்கிறது. ஒரு முழம். அவள் முன்னங்காலைத் தூக்கிவிட்டாள், சின்னவன் தூக்கத்தில் சப்புக்கொட்டுகிறான், தூக்கின கால் அப்படியே நிற்கிறது, நகம் வெளியே வரவில்லை, கால் மெல்ல இறங்கித் துணியின் ஓரத்தில் பட்டது, அது அவளுடைய துணிதான், அவள் வாசனையும் செவலை வாசனையும் கலந்து எது யாருடையது என்று இப்போது எனக்கே தெரியாத துணி. மோந்தாள். மிதித்தாள், மாற்றி மாற்றி, மாற்றி மாற்றி. செவலையின் பின்னங்கால் ஓரமாக, தொடாமல், ஆனால் ஒரு விரல் நுழையாத இடைவெளியில் சுருண்டு படுத்துவிட்டாள். கண்ணை மூடவில்லை, பாதி மூடியிருக்கிறாள், அது போதும், எனக்கும் சித்தி வீட்டில் முழுசாக மூட ஒரு வருஷம் ஆனது. நாளைக்கு மறுபடி சீறலாம், பூசணியைத் துரத்தலாம், கோழி பாடு இன்னும் பாக்கி இருக்கிறது, இருக்கட்டும். இந்த நிமிஷம் கிடைத்ததே. கம்பு கொடுத்த சரோசாக்காவுக்கு, ஊதிக் கழுவின நர்ஸம்மாவுக்கு, சிரித்த டாக்டரம்மாவுக்கு, மூணு நாள் தூறிய வானத்துக்கு, அந்தக் கதவை உள்பக்கமாக மாட்டின கைக்கு. இனிமேல் நான் சொல்லவேண்டிய அவசியமே இல்லை, பூனை தப்பித்துவிட்டது, அவர் சொன்னது சொன்னதாகவே இருந்துவிட்டுப் போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் மதினி இவளைப் பார்க்கிறபோதெல்லாம் கதவைத் தள்ளின பூனை என்றுதான் பார்ப்பார்கள், வருகிற போகிறவர்களிடம் அப்படித்தான் சொல்வார்கள், அவரும் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் போடவேண்டும், எனக்காக இருபத்தெட்டு நாள் குனிந்தது போதாதா. அவரிடம் தனியாகச் சொல்வது சுலபம், அவருக்குத் தெரிந்ததை அவரிடமே சொல்வதில் என்ன இருக்கிறது, சொல்லவேண்டியது மதினியிடம், "ம்" இல்லாத ஒரு முழு வாக்கியம், எப்படி ஆரம்பிப்பது, ஏங்க என்று அவர் பக்கம் திரும்பி ஆரம்பிக்கக் கூடாது, மதினி என்றுதான் ஆரம்பிக்கணும், மதினி, இந்தக் கதவைக் கொஞ்சம் உள்ள இருந்து தள்ளிப் பாருங்களேன் என்று சொன்னால், அவர்களே தள்ளிப் பார்த்தால், வண்டிச் சத்தம், குட்டியானைதான், தெருமுனையில் திரும்புகிறது, செவலை காதை மட்டும் நிமிர்த்துகிறது, எழுந்திரிக்காதே தங்கம், உன் காலடியில் ஆள் இருக்கிறது.

"ஒச்சு! ஏ ஒச்சு, கொக்கியை எடும்மா, புள்ள தோள்லயே தூங்கிட்டா."

"என்னடா உள்ள சத்தமே இல்ல? பூனை இருக்கா, தின்னு முடிச்சிருச்சா எல்லாத்தையும்?"

மதினி குரல். வந்துட்டேன், இதோ வந்துட்டேன், டிரிம்மரை மூடி உயரத்தில் வைத்துவிட்டு, நூல் ஒட்டின சேலையை உதறாமல், செவலையையும் சாயம்மாவையும் மிதித்துவிடாமல் ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்து, கொக்கியில் கை போய்விட்டது, வாய்க்குள் வார்த்தை வரிசையாக நிற்கிறது, இந்தத் தடவை அவர் முந்துவதற்குள், மதினி, அன்னைக்குக் கதவைத் தொறந்து போட்டது பூனை இல்ல, நான்தான்